ஈரம் காயும் வரை: பாதாமி நாட்குறிப்பு

பாறை ஏறுவதற்காகத்தான் வட கர்நாடகத்துப் பாதாமிக்கு, பழைய வாதாபிக்கு, போனோம். நடுவில் பெய்த மழை பாதி நாட்களை எடுத்துக்கொண்டது. அந்த நாட்களில்தான் அந்தக் கல்லைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். ராத்திரிகளில் அறையில் உட்கார்ந்து கிறுக்கி வைத்ததை, திரும்பி வந்து அலுப்பு தீர்ந்த பிறகு நாள்வாரியாகப் போடுகிறேன்.

டிசம்பர் 17

ஸ்டேஷன் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடிகாலைக் குளிரில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கயிற்றுப் பையை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, எதிரே இருந்த பெரியவர் தன் பால் கேனைக் காலுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு இடம் விட்டார். "கல்லு ஹத்தாக பந்தீரேன்ரி?" என்று கேட்டார். கல் ஏறத்தான் வந்தோம் என்று தலையாட்டினேன். இந்த ஊரில் கயிற்றோடு வருபவர்களை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. வட கர்நாடகத்தில் எல்லா வார்த்தையின் முடிவிலும் ஒரு 'ரி' சேர்த்து மரியாதையாகப் பேசுகிறார்கள். காது அதற்குப் பழக அரை நாள் ஆனது, பிறகு கேட்கக் கேட்க இனித்தது.

எங்கள் கூட்டத்தில் கோயம்புத்தூர் அண்ணன்தான் மூத்தவர். எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. இன்னொருவன் என் சித்தி மகன். கல்லூரி இரண்டாம் வருடம், சென்னையில் உள்ளரங்கச் சுவரில் மட்டும் ஏறிப் பழகியவன். வெட்டவெளியில் உண்மையான கல்லை இங்கேதான் முதலில் தொடப் போகிறான். உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். முப்பது வயதுக்காரர், இந்தப் பாறைகளில்தான் வளர்ந்தவர்.

அகத்தியர் குளத்தின் இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று குன்றுகள். தெற்குக் குன்றில் சாளுக்கியர் குடைந்த குகைக் கோயில்கள், வடக்கில் கோட்டையும் சிவாலயங்களும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் பாறைகளில் யாரும் ஏறுவதில்லை, ஏறவும் கூடாது. ஏறும் இடங்கள் ஊரைச் சுற்றித் தனியாக இருக்கின்றன. அதில் 'டெம்பிள் ஏரியா' என்று ஏறுபவர்கள் சொல்லும் பகுதிக்கு மதியத்துக்கு மேல் போனோம்.

பாதாமிக் கல் மணற்கல். நம் பக்கத்துக் கருங்கல்லோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. செடிகொடிகள் நிலத்தில் முளைப்பதற்கு வெகு காலம் முன்பே படிந்து இறுகிய மணல் இது. படிந்த அடுக்குகள் அப்படியே கிடைக்கோடுகளாகத் தெரிகின்றன. இரண்டு அடுக்குக்கு நடுவே நீளமான வெடிப்பு ஓடும். அதில் மணிக்கட்டு வரை கை போகும், அவ்வளவு நல்ல பிடி. ஆனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில் ஒன்றுமே இருக்காது. உயரமானவர்கள் எட்டிப் பிடித்துப் போய்விடலாம். என் உயரத்துக்கு, காலை இடுப்பளவு தூக்கி வைத்து, அந்தக் காலின் மேல் மொத்த உடம்பையும் ஏற்றி எழுந்தால்தான் அடுத்தது எட்டும். எனக்கு இந்த ஏற்றம் ரொம்பப் பிடித்திருந்தது.

தம்பி முதலில் திணறினான். உள்ளரங்கில் பிடிகளுக்கு நிறம் உண்டு, மஞ்சள் என்றால் மஞ்சளையே பிடித்துப் போகலாம். இங்கே எல்லாமே சிவப்பு. "அக்கா, எதப் புடிக்கிறது?" என்று நடுவழியில் நின்று கேட்டான். கீழே பிலேயில், அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடிக்கும் வேலையில், இருந்த அண்ணன் அவசரப்படுத்தவில்லை. "பாத்துக்கிட்டே இரு, தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே தெரிந்தது.

குரங்குகள் விஷயத்தில் கவனம் வேண்டும். பை ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்கு ஒன்று என் வாழைப்பழங்களை எடுத்துக்கொண்டு, கை வழுக்காமல் தடவிக்கொள்ளும் சாக் பொடிப் பையையும் தூக்கிப் போய் மேலே உட்கார்ந்து உதறியது. வழிகாட்டி ஒரு தட்டுத் தட்டியதும் பையைப் போட்டுவிட்டு ஓடியது.

இரவு கானாவளி என்கிற உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் சாப்பாடு. சோள ரொட்டி, எண்ணெயில் வதங்கிய திணித்த கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, கடலைச் சட்னிப் பொடி, கெட்டித் தயிர், பச்சை வெங்காயம், ஒரு பிடி பச்சை வெந்தயக் கீரை. கேட்கக் கேட்க ரொட்டி வந்தது. ஆளுக்கு 100 ரூபாய்தான். முடித்துவிட்டு அண்ணன் வயிற்றைத் தடவி "வாதாபி ஜீர்ணோ பவ" என்றார். அகத்தியர் அந்த அசுரனை ஜீரணித்ததாகச் சொல்லும் ஊரிலேயே உட்கார்ந்து அதைச் சொல்வதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 18

நல்ல வெயில், நல்ல காற்று. காலையில் நிழல் இருந்த முகத்தில் தொடங்கினோம். அண்ணன் லீட் போய், அதாவது வழியில் கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறி, உச்சியில் கயிற்றைத் தாங்கும் ஆங்கரில் போட்டுவிட்டு இறங்கியதும், நான் கயிற்றை உருவி, நானே லீட் போகிறேன் என்றேன். டாப் ரோப்பில் கயிறு மேலிருந்து பிடித்திருக்கும், விழுந்தால் அங்கேயே தொங்கலாம். லீடில், பாறையில் பதித்த போல்ட்டுகளில் நீ தாண்டி வந்த கடைசிப் போல்ட்டுக்குக் கீழேதான் விழுவாய். போல்ட்டுக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், அதன் இரட்டிப்போடு கயிற்றின் இழுவையும் சேரும். அந்தக் கணக்கை உடம்பு நன்றாக அறியும். போல்ட்டில் தொங்கவிடும் கொக்கியான குயிக்டிராவில் கயிற்றை மாட்டும் 'கிளிக்' சத்தம் கேட்டால்தான் அடுத்த மூச்சு வரும்.

மூன்றாவது போல்ட்டுக்கு மேலே நீளமான வெற்றிடம். கையை வெடிப்பில் போட்டுக்கொண்டு, வலது காலுக்கு ஓர் இடம் தேடினேன். கட்டைவிரல் அகலத்துக்குச் சாய்வான ஒரு வரி. மணல் படிந்தபோது நீரோட்டம் போட்ட வரி அது. அதன் மேல் ஷூவின் ரப்பரை அழுத்தினேன். நம்பி எழுந்தேன், நின்றது. மேலே போய் ஆங்கரில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குளமும் ஊரின் வெள்ளை மொட்டைமாடிகளும் கீழே தெரிந்தன. பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். டிசம்பரில் கர்நாடகத்துப் பள்ளிகள் பாதி இங்கேதான் இருக்கும்போல. ஒரு சிறுமி என்னைப் பார்த்துவிட்டுக் கூவ, மொத்த வரிசையும் கையாட்டியது. ஒரு கையை விடுவித்து நானும் ஆட்டினேன்.

மதியம் 'கணேஷா'வைப் பார்க்க வழிகாட்டி அழைத்துப் போனார். இந்தியாவின் கடினமான ஏறும் வழிகளில் ஒன்றாகப் பேர்பெற்றது, கடினத்தைக் குறிக்கும் பிரெஞ்சு அளவில் 8பி+. எண் ஏற ஏறக் கடினம். நாங்கள் ஏறுவது ஐந்திலும் ஆறிலும். அடியில் நின்று, முன்னே சரிந்து தொங்கும் அந்தச் சுவரையும், போல்ட்டுகளுக்கு நடுவே சாக் படிந்த விரல்நுனிப் பிடிகளையும் அண்ணாந்து பார்த்தோம். வாதாபியிலிருந்து பல்லவர் தளபதி பரஞ்சோதி பிள்ளையாரைக் கொண்டுவந்ததாக மரபு சொல்லும் திருச்செங்காட்டங்குடிக்குப் பக்கம்தான் என் பாட்டியின் ஊர். இந்தப் பெயரை இந்தக் கல்லின் அடியில் நின்று கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. அதைத் தம்பியிடம் சொன்னேன். 642இல் நரசிம்மவர்மன் இந்த ஊரைப் பிடித்ததையும், அவன் கல்வெட்டு இன்றும் இங்கே பாறையில் இருப்பதையும் அண்ணன் சொன்னார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "நீங்க எடுத்துட்டுப் போன கணேசனத் திருப்பிக் கேக்க மாட்டோம், இங்க வேற ஒருத்தரு இருக்காரு" என்று இந்தியில் சொன்னார்.

சாயங்காலம் தெற்கே மேகம் திரண்டது. மிளகாய் பஜ்ஜியும் கிர்மிட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே முதல் துளி விழுந்தது. பொரியில் வெங்காயம், தக்காளி, பொட்டுக்கடலைப் பொடி எல்லாம் போட்டுப் பிசைந்து தரும் கிர்மிட் உடனே சாப்பிட வேண்டிய பண்டம், வைத்திருந்தால் சொதசொதத்துவிடும். மழைக்கு ஒதுங்கி நின்று சாப்பிட்டு முடித்தோம். இரவு முழுதும் பெய்தது.

டிசம்பர் 19

காலை 7 மணிக்கு வழிகாட்டி அறைக்கே வந்துவிட்டார். கையில் ரோப் பை இல்லை. "இவத்த ப்யாட்ரி. கல்லு ஹசி ஐதி" என்றார். இன்று வேண்டாம், கல் ஈரமாக இருக்கிறது.

தம்பிக்கு ஒப்பவில்லை. மழைதான் விட்டுவிட்டதே, வெயில் வந்தால் பத்து மணிக்குக் காய்ந்துவிடாதா என்றான். நம் ஊர்க் கருங்கல்லில் அப்படித்தான். மழை நின்று வெயிலும் காற்றும் இருந்தால் சீக்கிரமே ஏறலாம். தண்ணீர் மேலோடு ஓடிவிடும், உள்ளே போகாது. மணற்கல் வேறு. மணல் மணிகளை ஒட்டிப் பிடித்திருப்பது அவற்றின் இடையே இருக்கும் சிலிக்கா, இரும்புத் துரு, களிமண் போன்றவை. இடைவெளிகளில் தண்ணீர் புகுந்தால் அந்த ஒட்டு தளர்ந்துபோகும். தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த நேரத்தில் உடம்பு எடையைப் போட்டால், நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்த பிடியும் கையோடு வந்துவிடும். போல்ட்டே பெயர்ந்து வரவும் வாய்ப்பு உண்டு. லேசான தூறலுக்கே 24 மணி நேரம் பொறுப்பார்கள். நேற்றுப் பெய்த மாதிரி மழைக்கு 72 மணி வரை கூட ஆகும்.

வழிகாட்டி எங்களைப் பாறையடிக்கு அழைத்துப் போய் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே வெளிறிய மண், அரை விரல் ஆழத்தில் கருத்த ஈரம். "இது காஞ்சாத்தான் அது காஞ்சிருக்கும்" என்று கல்லைக் காட்டினார். தம்பி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மழை தந்த காட்சி ஒன்று உண்டு. குளத்துக்கு அந்தப் பக்கம் குன்றின் விளிம்பிலிருந்து பக்கம் பக்கமாக இரண்டு அருவிகள். 'அக்கா தங்கி', அதாவது அக்கா தங்கை, என்று பெயர். மழைக்காலத்தில் பெரிதாக விழுமாம். இன்று இரண்டும் மெல்லிசாக, காற்றுக்கு அசைந்தபடி இறங்கின. பூதநாதர் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு குகைக் கோயில்கள். மூன்றாவது குகையில் மங்களேசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 578. அனந்தன் மேல் கால் மடக்கி அமர்ந்த விஷ்ணு, ஓங்கிய காலோடு திரிவிக்கிரமன், முதல் குகையின் வெளியே பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவன். இந்தக் குகைகளுக்கு முன்பும் வந்திருக்கிறேன். ஆனால் நேற்று அதே கல்லில் கை நுழைத்து ஏறிவிட்டு இன்று பார்த்தபோது வேறாகத் தெரிந்தது. சிற்பத்தின் தொடையிலும் தோளிலும் கல்லின் வரிகள் அப்படியே ஓடுகின்றன. நான் கால் வைக்கத் தேடிய அதே சாய்ந்த வரி, விஷ்ணுவின் மார்பில் ஓடிக்கொண்டிருந்தது. தொட ஆசையாக இருந்தது. தொடவில்லை.

டிசம்பர் 20

நல்ல வெயில். மண் இன்னும் ஈரம். காத்திருப்புதான்.

பனசங்கரி கோயிலுக்குப் போனோம், ஊரிலிருந்து 5 கிலோமீட்டர். குளத்துக்கரை மண்டபத்துப் பக்கம் பாட்டிகள் கூடையைத் தலையில் சுமந்து வந்து சோள ரொட்டி விற்கிறார்கள். "பர்ரி, ஊட்டா மாட்ரி", வாங்க, சாப்பிடுங்க என்று ஒருவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். தரையில் உட்கார வைத்து, காகிதத்தின் மேல் மெல்லிய ரொட்டி, அதன்மேல் கத்தரிக்காய், பயறு, சிவப்பு மிளகாய்த் துவையல், சின்ன மண்கலயத்தில் தயிர். ஆளுக்கு 50 ரூபாய். தம்பி தயங்கித் தயங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து அவன் மேல் இன்னொரு ரொட்டியைப் போட்டுவிட்டு, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கன்னடம் எங்களுக்கு அரைகுறை, எங்கள் தமிழ் அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. மெலிந்து கிடக்கிறான் என்று அவர் சொன்னது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

மூன்று மணிக்கு மேல் பாறைப் பக்கம் சும்மா நடந்து போனோம். அங்கே வேறு நகரத்திலிருந்து வந்த ஒரு குழு ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்டியின் முகம் மாறியது. நேராகப் போய், கல் இன்னும் காயவில்லை என்று பணிவாகச் சொன்னார். அவர்களும் மரியாதைப்பட்டவர்கள்தான், எங்களுக்கு பிஸ்கட் எல்லாம் நீட்டினார்கள். நாளைக் காலை ரயில், இன்று விட்டால் வாய்ப்பில்லை என்றார் கூட்டிவந்த பயிற்சியாளர். தொட்டுப் பாருங்கள், காய்ந்துதானே இருக்கிறது என்றார்.

சொல்லிக் கொஞ்ச நேரம் கூட ஆகவில்லை. லீட் போனவர் இரண்டாவது போல்ட்டைத் தாண்டி, பெரிய ஒரு பிடியைப் பற்றித் தொங்கியதும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கல் பெயர்ந்தது. ஆளும் கல்லும் சேர்ந்து வந்தார்கள். கயிறு அவரைப் பிடித்தது. கல், பிலே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தோளை ஒட்டி விழுந்து மூன்றாகச் சிதறியது. அந்தப் பெண் கயிற்றை விடவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் வாழ்நாளெல்லாம் மறக்க மாட்டேன். ஏறியவருக்கு முழங்கையும் முட்டியும் உரிந்திருந்தன. அண்ணன் கழுவிக் கட்டுப் போட்டார். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. ரயில் நேரத்துக்காக ஓர் உயிர் போயிருக்கும். அதோடு, அந்தப் பிடி இனி யாருக்கும் கிடையாது. பெயர்ந்த இடம் வெளிர்மஞ்சளாக, பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. உடைந்த பரப்பை விரலால் தேய்த்தேன். மணல் ஈரமாக, பொலபொலவென்று உதிர்ந்தது. வழிகாட்டி ஒரு துண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிறுவனாக இருந்தபோது முதன்முதலில் ஏறிய வழி அதுதானாம்.

டிசம்பர் 21

காலையில் மண்ணைக் கிளறினோம். நிழல் விழும் பக்கம் இன்னும் நசநசப்பு. நாள் முழுதும் வெயில் படும் ஒரு முகத்தடியில் மட்டும் உலர்ந்திருந்தது, ஆனாலும் வழிகாட்டி சாயங்காலம் வரை விடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு டாப் ரோப் போட்டு, அவரே முதலில் போய் ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையால் தட்டிக் கேட்டார். கெட்டியான கல் கணீரென்று இருக்கும், பொக்கென்றால் ஓசையிலேயே தெரிந்துவிடும். ஐந்தரைக்குத் தம்பி ஏறினான். எங்கேயும் நிற்கவில்லை, எதைப் பிடிப்பது என்று கேட்கவும் இல்லை.

அறையில் அன்று இரவு விளக்கெண்ணெய் தேவைப்பட்டது. சோளமும் காரமும் அண்ணன் வயிற்றைக் கட்டிப்போட்டிருந்தன. விடுதிக்காரர் வீட்டிலிருந்தே ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் வந்தார்.

டிசம்பர் 22

மண் ஒரு விரல் ஆழம் வரை பொடியாக உதிர்ந்தது. மாலை ரயில் வரை நேரம் இருந்தது.

கல் பெயர்ந்த அந்த வழிக்குப் போகலாம் என்று வழிகாட்டியே சொன்னார். மேலே சுற்றி நடந்துபோய் ஆங்கரில் கயிற்றைப் போட்டு, மேலிருந்து இறங்கி வந்தார். பழைய பல்துலக்கி ஒன்றால் உடைந்த இடத்தில் தளர்ந்த மணலை மெல்லத் துடைத்தார். கம்பி பிரஷ் போட்டால் நல்ல கல்லையும் சுரண்டிவிடும் என்றார். பக்கத்தில் இருந்த பிடிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று பொக்கையாக ஒலித்தது. அதன்மேல் சாக்கால் பெருக்கல் குறி போட்டார். எந்த ஊர் ஏறுநர் வந்தாலும் அந்தக் குறியைப் பார்த்தால் கை வைக்க மாட்டார்.

பிறகு கீழே வந்து கட்டிக்கொண்டு ஏறினார். முன்பு பெரிய பிடியைப் பற்றி ஒரே எட்டில் போன இடம். இப்போது இடது பக்கமாக நகர்ந்து, விரல்நுனிக்கு மட்டும் இடம் தரும் விளிம்பைப் பிடித்து, காலை மிக உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. முதல் தடவை நழுவினார். "டேக்" என்று கத்தினார், அண்ணன் கயிற்றை இழுத்துப் பிடித்தார். தொங்கியபடியே கல்லை ஆராய்ந்தார். அடுத்த முறை போய்விட்டார். மேலே நின்று, "முன்ன அஞ்சு சி, இனிமே ஆறு ஏ" என்று கீழே பார்த்துச் சொன்னார்.

எனக்கு அந்த நகர்வு வசப்படவில்லை, விளிம்பு வரை போய்த் திரும்பினேன். தம்பி உயரம், ஆனாலும் கஷ்டப்பட்டே கடந்தான். நாங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது புனேயிலிருந்து ஒரு குழு வந்தது. வழிகாட்டி அவர்களிடம் பெருக்கல் குறியைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, புது நகர்வைக் கையாலேயே காற்றில் செய்து காட்டினார். அவர்களில் ஒருவர் ஷூவை மாட்டுவதற்கு முன் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே "ஒணகேதிரி" என்றார், காய்ந்துவிட்டது என்று. நாங்கள் ஆட்டோ பிடிக்க ஓடினோம்.